சுவரில் ஒட்டிய மானியம்

பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2025 அக்டோபரில் ஓர் அறிக்கை வெளியிட்டது. வீடுகளைக் குளிரிலிருந்து காக்கவும் எரிபொருள் செலவைக் குறைக்கவும் அரசு வகுத்த இரண்டு திட்டங்களைப் பற்றியது அது. பயனடைந்தவர்களில் பெரும்பாலோர் வருமானம் குறைந்தவர்கள். வெளிச்சுவரில் இன்சுலேஷன் பொருத்திய வீடுகளில் 98 சதவீதத்துக்குச் சரிசெய்தே ஆகவேண்டிய பெரிய குறைகள் இருப்பதாக அறிக்கை மதிப்பிட்டது. எண்ணிக்கையில் 22,000 முதல் 23,000 வீடுகள். உட்சுவரில் பொருத்தியவற்றில் 29 சதவீதம், அதாவது 9,000 முதல் 13,000 வீடுகள். வெளிச்சுவர் வேலைகளில் 6 சதவீதம் உடனடி ஆபத்து என்ற பிரிவில் வந்தன.

நூற்றுக்கு இரண்டு மூன்று வீடுகள் பழுதானால் மேஸ்திரியைக் குறை சொல்லலாம். தொண்ணூற்றெட்டு பழுதானால் திட்டத்தைத்தான் விசாரிக்க வேண்டும்.

இந்த விசாரணையில் இரண்டு முடிவுகளுக்கு எளிதில் போய்விட முடியும். ஏழை வீட்டுக்கு அரசு இன்சுலேஷன் போடுவதே வீண், அந்தப் பணத்தை ரொக்கமாகக் கொடுத்துவிடலாம் என்பது ஒன்று. நோக்கம் நல்லது, சில ஒப்பந்தக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள், அவர்களை நீக்கிவிட்டு அப்படியே தொடரலாம் என்பது மற்றொன்று. இரண்டுமே சான்றுகளோடு ஒத்துப்போகவில்லை.

முதலில், மானியம் எதற்கு? பிரிட்டனில் முதல் உலகப்போருக்கு முன் கட்டிய வீடுகளில் பெரும்பாலானவை இடைவெளியில்லாத ஒற்றைச் செங்கல் சுவர் கொண்டவை. பாய்லர் எரிந்துகொண்டிருக்கும்போதே வெப்பம் சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் போய்விடும். பில்லுக்கு அஞ்சும் குடும்பம் ஓர் அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்ற அறைகளைக் குளிரில் விட்டுவிடுகிறது. 1991இல் வெளிவந்த 'ஃபியூயல் பாவர்ட்டி' என்ற நூலில் பிரெண்டா போர்ட்மன் வைத்த வாதம் இன்றும் அசையாமல் நிற்கிறது: இந்த ஏழ்மைக்குக் காரணம் வருமானம் மட்டும் அன்று, வீடும்தான், பில்லுக்கு உதவித்தொகை கொடுத்தால் அடுத்த ஆண்டும் கொடுக்க வேண்டும், வீட்டைச் சரிசெய்ய முதலீடு செய்தால் அந்தத் தேவையே குறையும். ரொக்கமாகக் கொடுக்கலாம் என்பவர்கள் இதற்குப் பதில் சொல்ல வேண்டும். வாடகை வீட்டில் இருப்பவர் கையில் கிடைத்த ரொக்கத்தைக் கொண்டு வீட்டுக்காரருடைய சுவரை மாற்ற மாட்டார்.

இங்கிலாந்தில் 2000 முதல் 2013 ஜனவரி வரை நடந்த 'வார்ம் ஃப்ரன்ட்' இந்த வாதத்தின் வழியில் வந்தது. வரிப்பணத்தில் நடந்தது, சுமார் 23 லட்சம் வீடுகளுக்குப் பரண் இன்சுலேஷன், சுவர் இடைவெளி நிரப்புதல், பாய்லர் போன்றவற்றைக் கொடுத்தது. அதற்கும் குறைகள் உண்டு. உண்மையில் தேவையில்லாத பலருக்கும் போய்ச் சேர்ந்தது என்ற விமர்சனம் அப்போதே எழுந்தது. ஆனால் அதை மூடிய பிறகு வந்த ஏற்பாடு வேறு வகையானது. 2013 முதல் மின்சாரமும் எரிவாயுவும் விற்கும் பெரிய நிறுவனங்கள்மீது கடமை சுமத்தினார்கள். இத்தனை வீடுகளில் இத்தனை சேமிப்பைக் காட்ட வேண்டும். ஆகும் செலவை வாடிக்கையாளர்களின் பில்லில் ஏற்றிக்கொள்ளலாம். 'எகோ' என்று சுருக்கமாக அழைக்கப்படும் திட்டம் இதுதான். தணிக்கையாளர்கள் ஆராய்ந்தது இதன் நான்காம் கட்டத்தையும் அதோடு ஒட்டிய இன்னொரு திட்டத்தையும்.

என் முதல் ஆட்சேபம் பில்லைப் பற்றியது. வருமானவரி வசதிக்கேற்ப வசூலாகிறது. பில்லில் ஏற்றும் தொகை அப்படியல்ல. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு இன்னும் குளிர்ந்த வீட்டில் இருக்கும் முதியவரும் பக்கத்து வீட்டு இன்சுலேஷனுக்குத் தம் பில்லில் பணம் கட்டுகிறார். அரசுச் செலவுக் கணக்கில் இந்தத் தொகை நேரடியாகத் தெரியாததால் நாடாளுமன்றத்தின் கண்ணும் அதன்மீது குறைவாகவே பட்டது.

இதைவிடப் பெரிய ஆட்சேபம் பொறுப்பைப் பற்றியது. எரிசக்தி நிறுவனம் இலக்கை முடித்துக்கொடுக்க இடைத்தரகரைப் பிடிக்கிறது. அவர் ஒப்பந்தக்காரரைப் பிடிக்கிறார். அவர் வேலையைத் துணை ஒப்பந்தத்துக்கு விடுகிறார். இலக்கு நிறைவேறியதா என்பதைப் பார்ப்பது எரிசக்திக் கட்டுப்பாட்டு அமைப்பான ஆஃப்ஜெம். தரத்தைப் பார்ப்பது தர முத்திரை அமைப்பான டிரஸ்ட்மார்க். சான்றிதழ் தருவது வேறு அமைப்புகள். உத்தரவாதம் தருவது இன்னொன்று. எல்லாவற்றுக்கும் மேலே அமைச்சகம். இத்தனை பேரில் சுவரைத் தட்டிப் பார்க்கும் கடமை முழுவதுமாக யாருக்கும் இல்லை. போதிய பயிற்சியற்றவர்களிடம் துணை ஒப்பந்தம் போனது, எந்தத் தரநிலையை எப்படிப் பின்பற்றுவது என்ற குழப்பம், செலவை மிச்சம் பிடிக்கச் செய்த குறுக்குவழிகள் ஆகியவற்றைத் தணிக்கை அலுவலகம் காரணங்களாகச் சொன்னது.

குறுக்குவழி என்றால் என்ன என்பதைச் சுவரில் வைத்துப் பார்க்கலாம். செங்கல் சுவர்மீது தெர்மாகோல் போன்ற தடித்த பலகைகளை ஒட்டி, ஆணியடித்து, வலை பதித்து, மேலே பூசுகிறார்கள். சுவர் வெளிப்புறமாகப் பருத்துவிடுகிறது. முன்பு சுவரைத் தாண்டி நீட்டிக்கொண்டிருந்த கூரை விளிம்பு இப்போது சுவரோடு சமமாகிவிடும். அதையும் நீட்ட வேண்டும். நீட்டாமல் விட்டால் மழைநீர் பலகையின் தலைப்பில் விழுந்து பின்பக்கமாக இறங்கும். சன்னலின் அடிவிளிம்பையும் அப்படியே நீட்ட வேண்டும். காஸ் மீட்டர் பெட்டி, கழிவுநீர்க் குழாய் எல்லாவற்றையும் கழற்றி மாட்ட வேண்டும். அந்தச் செலவுக்குப் பயந்து பெட்டியைச் சுற்றிப் பலகையை வெட்டி ஒட்டினால் அந்த இடத்தில் மட்டும் சுவர் சில்லென்று இருக்கும்; சமையல் ஆவியும் துணி உலர்த்தும் ஈரமும் உள்பக்கத்தில் அங்கே போய்ப் படியும். வீட்டை இறுக்கமாக மூடிய பிறகு காற்றோட்டத்துக்கு விசிறி வைக்காவிட்டால் அந்த ஈரம் போக வழியில்லை. சில மாதங்களில் கட்டிலுக்குப் பின்னால் கறுப்பாகப் பூசணம் பிடிக்கும். வெளியிலிருந்து பார்த்தால் வீடு புதிதாகப் பூசியதுபோல அழகாகத்தான் இருக்கும். அந்த அழகான சுவரைப் படமெடுத்து அனுப்பினால் கோப்பு நிறைவடைந்துவிடும்.

கோப்பு நிறைவடைந்தால் பணம். இந்த இடத்தில்தான் திட்டத்தின் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. 'எகோ'வின் நான்காம் கட்டத்தில் மதிப்பெண் கணக்கிடப்பட்டது வீட்டின் ஆற்றல் தர வரிசை மாதிரிக் கணக்குப்படி எவ்வளவு உயர்கிறது என்பதை வைத்து. வேலைக்குப் பிறகு அந்த வீட்டின் வெப்பநிலை, ஈரப்பதம், மீட்டர் அளவு எதுவும் கூலியைத் தீர்மானிக்கவில்லை. காகிதத்தில் வீடு எவ்வளவு மோசமாகத் தொடங்கி எவ்வளவு நன்றாக முடிகிறதோ அவ்வளவு லாபம். இந்த நிலையில் பொய்க் கணக்கு வராமல் இருந்தால்தான் வியப்பு. 5.6 கோடி முதல் 16.5 கோடி பவுண்டு வரை போலிக் கோரிக்கைகளில் போயிருக்கலாம் என்று ஆஃப்ஜெம் மதிப்பிட்டதைத் தணிக்கை அறிக்கை பதிவுசெய்கிறது.

சில கெட்ட ஒப்பந்தக்காரர்கள் என்ற விளக்கத்தை நான் ஏற்காததற்கு இன்னொரு காரணம் பிரெஸ்டன் நகரத்து ஃபிஷ்விக் பகுதி. 'எகோ'வுக்கு முந்தைய திட்டம் ஒன்றின் கீழ் அங்கே முந்நூறுக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு வெளிச்சுவர் இன்சுலேஷன் போட்டார்கள். மழைநீர் புகுந்தது, ஓதம் ஏறியது, பூசணம் பிடித்தது. மேலே விவரித்த அதே குறைகள். இத்தகைய வேலைகளின் தரத்தைப் பற்றி அரசு பீட்டர் பான்ஃபீல்டு தலைமையில் ஆய்வு நடத்தியது; 2016 டிசம்பரில் அறிக்கை வந்தது; அதன் பேரில்தான் டிரஸ்ட்மார்க் முத்திரை விரிவாக்கப்பட்டது, புதிய தரநிலைகள் 2019இல் எழுதப்பட்டன. பாடம் படித்து, விதி எழுதி, முத்திரையும் குத்திய பிறகு நடந்த வேலைகளில்தான் 98 சதவீதம் பழுது. 2025 ஜனவரியில் 39 நிறுவனங்களை நிறுத்திவைத்தார்கள். பணம் கிடைக்கும் விதம் மாறாதவரை நாற்பதாவது நிறுவனமும் அதே குறுக்குவழிக்குத்தான் போகும்.

இனி எதிர்த்தரப்பின் வலுவான சான்றுக்கு வருகிறேன். வேலையை ஒழுங்காகவே செய்தாலும் பலன் உண்டா என்று கேட்டது அமெரிக்க ஆய்வு ஒன்று. அங்கே 1976இல் சட்டமான ஏழை வீடுகளுக்கான வெதரைசேஷன் திட்டத்தை மெரிடித் ஃபவுலி, மைக்கேல் கிரீன்ஸ்டோன், கேத்தரின் வோல்ஃப்ரம் ஆகியோர் மிஷிகன் மாநிலத்தில் 30,000க்கும் மேற்பட்ட குடும்பங்களிடையே சோதித்து 2018இல் வெளியிட்டார்கள். வீட்டுக்குச் சுமார் 5,000 டாலர் செலவு. கிடைத்த ஆற்றல் சேமிப்பின் மதிப்பு அதில் ஏறக்குறையப் பாதி. பொறியாளர்களின் மாதிரிக் கணக்கு உண்மைச் சேமிப்பைப் போல மூன்று மடங்குக்கு மேல் காட்டியது. வீடுகள் முன்பைவிடக் கதகதப்பானதற்கும் தெளிவான சான்று கிடைக்கவில்லை. வேதனையான இன்னொரு முடிவும் உண்டு: இலவசம் என்று வீடு தேடிப்போய்ச் சொல்லி, தொலைபேசியில் அழைத்து, விண்ணப்பம் நிரப்ப உதவியும் அந்தக் குடும்பங்களில் 6 சதவீதத்துக்கும் குறைவானவர்களே கடைசிவரை வந்தார்கள்.

இதைத் தட்டிக்கழிக்க முடியாது. குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த ஆய்வு. அதன் எண்களை நான் நம்புகிறேன். மாதிரிக் கணக்கை வைத்து மானியத்தை நியாயப்படுத்தக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் மிஷிகன் முடிவை எல்லா ஊருக்கும் நீட்ட முடியாது. ஏற்கெனவே போதுமான அளவு சூடாக்கிவந்த வீட்டில் இன்சுலேஷன் போட்டால் பில் மட்டுமே குறையும்; பாதி குளிரில் வாழ்ந்துவந்த வீட்டில் போட்டால் குடும்பம் அந்தச் சேமிப்பின் ஒரு பங்கைக் கதகதப்பாக எடுத்துக்கொள்ளும். 'வார்ம் ஃப்ரன்ட்' வீடுகளை அளந்தபோது எரிபொருள் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. அறைகளின் வெப்பநிலை உயர்ந்திருந்தது. பில்லை மட்டும் பார்த்தால் இது தோல்வி. ஆனால் ஏழை வீட்டுக்கு இந்த மானியம் கொடுக்கப்பட்டதே அந்தக் கதகதப்புக்காகத்தான்.

அந்தக் கதகதப்பை அளக்க முடியுமா என்றால் நியூசிலாந்து அளந்து காட்டியது. ஃபிலிப்பா ஹவ்டன்-சாப்மன் குழு ஏழு ஏழைக் குடியிருப்புகளில் 1,350 வீடுகளை எடுத்துக்கொண்டு, பாதிக்கு முதலிலும் மீதிக்குப் பிறகும் இன்சுலேஷன் போட்டது. 2007இல் வெளியான முடிவு: இளைப்பு குறைந்தது, பிள்ளைகள் பள்ளிக்கு மட்டம் போடுவது குறைந்தது. அதன் பிறகு 2009இல் அரசு நாடு தழுவிய திட்டம் தொடங்கியது. குறைந்த வருமானத்தாருக்கு அதிக மானியம். ஆர்தர் கிரைம்ஸ் தலைமையிலான மதிப்பீடு, ஒரு டாலர் செலவுக்கு ஏறக்குறைய நான்கு டாலர் பலன் என்று கணக்கிட்டது. அதில் பெரும்பங்கு உடல்நலம். எரிபொருள் சேமிப்பின் பங்கு மிகச் சொற்பம்.

இதையும் உரசித்தான் பார்க்க வேண்டும். 2007 ஆய்வில் தங்கள் வீட்டுக்கு இன்சுலேஷன் போட்டாயிற்றா இல்லையா என்பது பங்கேற்றவர்களுக்குத் தெரியும். இளைப்பு குறைந்ததாகச் சொன்னவர்களும் அவர்களே. கிரைம்ஸின் பலன் கணக்கில் பெருந்தொகை வருவது, முன்பு நோயால் மருத்துவமனை சென்ற முதியவர்களிடையே தவிர்க்கப்பட்ட மரணங்களின் மதிப்பிலிருந்து. அந்த மதிப்பைக் குறைத்தால் நான்கு என்ற விகிதமும் இறங்கும். தவிர, அங்கே மரவீடுகள். வேலை பெரும்பாலும் பரணிலும் தரைக்கடியிலும் நடந்தது. செங்கல் சுவருக்கு வெளியே பலகை ஒட்டுவதோடு ஒப்பிட்டால் அது எளிய வேலை. ஆனாலும் ஒன்றில் நியூசிலாந்து தெளிவாக முந்துகிறது: சிறிதாகச் சோதித்து, மனிதர்களின் உடல்நிலையை அளந்து, பிறகு விரித்தது.

அவசரத்தின் விலையை ஆஸ்திரேலியா உயிரால் கொடுத்தது. 2009இல் பொருளாதார ஊக்கத்துக்காக அள்ளிவிட்ட கூரை இன்சுலேஷன் திட்டத்தில் நான்கு இளம் தொழிலாளர்கள் இறந்தார்கள். 2010 பிப்ரவரியில் திட்டம் நின்றது. பிரிட்டனின் 'கிரீன் ஹோம்ஸ்' மானியம் 2020இல் 6 லட்சம் வீடுகள் என்று அறிவித்து, ஆறே மாதத்தில் மூடப்பட்டு, 47,500 வீடுகளோடு நிற்கும் என்று மதிப்பிடப்பட்டது. அது வரிப்பணத்தில் நடந்ததுதான். ஆகவே பில்லிலிருந்து கருவூலத்துக்கு மாற்றினால் மட்டும் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவில்லை.

எந்த மதிப்பீட்டிலும் போதிய இடம் பெறாத ஒரு குடும்பமும் இருக்கிறது. கூரை ஒழுகினாலோ பழைய மின்கம்பி ஆபத்தாக இருந்தாலோ அமெரிக்கத் திட்டம் அந்த வீட்டை ஒத்திவைத்துவிடும். முதலில் ஒழுகலைச் சரிசெய்துவிட்டு வா என்று அர்த்தம். அதற்குப் பணமிருந்தால் அவர் ஏன் மானியத்துக்கு வருகிறார்? பென்சில்வேனியாவில் மாநில செனட்டர் நிகில் சவால் முன்னெடுத்த முழு வீட்டுப் பழுதுநீக்கத் திட்டம் 2022இல் 12.5 கோடி டாலரோடு இந்த ஓட்டையைத்தான் அடைக்க முயன்றது. கூரையையும் கம்பியையும் சேர்த்துப் பார்க்காத எந்தத் திட்டமும், இருப்பதிலேயே மோசமான வீட்டைத் தவிர்த்துவிட்டுப் போகும்.

என் தீர்ப்பு இது. மானியத்தின் நோக்கம் சரி, அதற்குச் சான்றும் உண்டு; ஆனால் அது கிடைப்பது கதகதப்பிலும் உடல்நலத்திலும் மட்டுமே. பில் சேமிப்பை வைத்து அதை விற்றவர்கள் மாதிரிக் கணக்கை நம்பி ஏமாந்தார்கள். 'எகோ' முறை தோற்றது, அதைத் திருத்தித் தொடர்வதில் பயனில்லை. 2025 நவம்பர் பட்ஜெட்டில் அதை முடிப்பதாக அரசு அறிவித்தது சரியான முடிவு. அடுத்து வரும் திட்டத்தில் சுவரைப் பார்ப்பவருக்குச் சம்பளம் ஒப்பந்தக்காரர் கொடுக்கக் கூடாது. கூலியில் ஒரு பகுதி ஒரு குளிர்காலம் கழிந்து, ஈரமும் வெப்பமும் அளந்த பிறகே போக வேண்டும்.

பழுதான வீடுகளை, பொருத்திய நிறுவனங்களே இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று அரசு சொல்கிறது. முதல் தடவை கெடுத்தவரிடமே அதே சுவரை மறுபடி ஒப்படைப்பதும், மூடிவிட்ட நிறுவனத்தைத் தேடி அலைவதும், உத்தரவாத அமைப்புக்குக் கடிதம் எழுதுவதும் அந்தக் குடும்பங்களின் தலையில் விழக் கூடாது. வீடுகளைக் கதகதப்பாக்க 2025 ஜூனில் அரசு 1,320 கோடி பவுண்டு ஒதுக்கியது. கருவூலம் அதிலிருந்து முதலில் இந்த 30,000க்கும் மேற்பட்ட வீடுகளைச் சரிசெய்துவிட்டு, நிறுவனங்களிடம் வசூலிக்கும் வழக்கைத் தானே நடத்த வேண்டும்.