கைப்பழக்கம் மட்டும் காப்பாற்றுமா?

ஜவ்வாது மலையில் மாசி, பங்குனி புளி உலுக்கும் காலம். ஜமுனாமரத்தூரைச் சுற்றி வாழும் மலையாளிப் பழங்குடியினருக்குச் சாமையோடு புளியும் தேனும் பிழைப்பு. புளிக்கும் தேனுக்கும் உயரம் ஏறியாக வேண்டும். விழாமல் காக்க அவர்கள் நம்பியிருப்பது பெரும்பாலும் கைப்பழக்கத்தை.

அந்தப் பழக்கத்தை அறியாமை என்று ஒதுக்க முடியாது. எந்தக் கிளை பட்டது, எது பாரம் தாங்கும் என்று பார்த்ததும் சொல்லிவிடும் கண் அது. அந்தப் பழக்கம் மழை நனைத்த மரப்பட்டையில் கால் வைக்காது. கிளை நுனிக்குப் போகாமல், நடுமரத்தில் நின்று கழியால் தட்டும். புளியங்கொம்பின் உறுதி ஊரறிந்தது. அதில் வெறுங்கால் பிடிப்பும் சேர்ந்தால் தேர்ந்தவருக்கு அது பாதுகாப்புதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. திறமை தவறைக் குறைக்கும். தவறிய பிறகு தாங்காது. காய் அதிகம் தொங்குவது மெல்லிய நுனிகளில். எடைக்குக் கூலி என்றால், ஆசையும் அவசரமும் ஆளை அங்கேதான் இழுக்கும். தேனில் ஆபத்து இரட்டிப்பு: கொட்டுக்குப் பயந்து இருட்டில் ஏறினால் கால் வைக்குமிடம் தெரியாது, பகலில் ஏறினால் ஒரு கொட்டு போதும், பிடி விட்டுப்போக.

கட்டுமானத் தளத்தின் பாதுகாப்புப் பட்டையை அப்படியே கொண்டுவந்தாலும் முழுத்தீர்வாகாது. கயிறு தலைக்கு மேலே, உறுதியான கவட்டில் மாட்டியிருக்க வேண்டும். இடுப்பை மட்டும் சுற்றும் பட்டை, விழும்போது வயிற்றையும் முதுகெலும்பையும் தாக்கும். உடல் முழுவதையும் தாங்கும் பட்டைதான் சரி. தொங்குபவரை உடனே இறக்கக் கீழே ஆள் வேண்டும். தனியாக ஏறுவதற்கு இடமே இல்லை.

அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது: ஏறாமல் முடியுமா? எட்டும் காயைத் தரையிலிருந்தே தொரட்டியால் இழுக்கலாம். புதிதாக நடுபவர்கள் பி.கே.எம். 1 போன்ற ஒட்டுப்புளியைக் கவாத்து செய்து தாழ்வாக வளர்க்கலாம். அடுக்குத் தேனீயைப் பெட்டியில் வளர்க்கலாம். பெருந்தேனீ பெட்டிக்கு வராது. அங்கே கயிறும் துணையாளும் கட்டாயம்.

சட்டமோ மரத்தடியில் நின்றுவிடுகிறது. 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டமும் 1996ஆம் ஆண்டின் கட்டுமானத் தொழிலாளர் சட்டமும் உயரத்தில் வேலை செய்பவரைக் காக்கும் பொறுப்பை முதலாளியிடம் வைத்தன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன் போன்ற சிறு வனப்பொருளைச் சேகரிப்பவருக்கே உரியதாக்கியது. நல்ல உரிமை, ஆனால் தனக்காகவே ஏறுபவர் விழுந்தால் பொறுப்பேற்க முதலாளி இல்லை. காப்பீடு இருந்தாலும் அது விழுந்த பிறகு வரும் பணம்தான்.

ஆகவே பொறுப்பு வாங்குபவருக்கும் உண்டு. புளியும் தேனும் கொள்முதல் செய்யும் கூட்டுறவுச் சங்கமும் வியாபாரியும் பருவத்துக்கு முன்பே கயிறும் பட்டையும் இரவல் தர வேண்டும். துணையாளின் கூலியை விலையில் சேர்க்க வேண்டும். பயிற்சியை மூத்த மரமேறிகளே தரட்டும். அவர்கள் பழக்கம் முதல் காவலாக இருக்கலாம். ஒரே காவலாக இருக்கக் கூடாது.