தலைமைக் குமாஸ்தாவின் அதிகாரம்

இங்கிலாந்தின் நீதிபரிபாலனத்தைப் பற்றி எழுதுவோர் நீதிபதிகளின் நடுநிலையையும் பாரிஸ்டர்களின் வாக்குவன்மையையும் வியந்து பேசுவார்களேயன்றி, எந்த வழக்கு எந்தப் பாரிஸ்டரின் கைக்குப் போகவேண்டும், அதற்கு என்ன பீஸ் என்பவற்றைப் பெரும்பாலும் முடிவு செய்கிற தலைமைக் குமாஸ்தாவை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. கேஸ் கட்டைச் சுமந்துகொண்டு வக்கீலின் பின்னே நடக்கும் நம்மூர்க் குமாஸ்தாவை வைத்து அவரை எடைபோடலாகாது. அவர் பெயரளவில் ஊழியர். ஆயினும் எஜமானர்களுக்குப் பிழைப்பைத் தேடித் தருகிறவர்.

லண்டனிலுள்ள இன்னர் டெம்பிள், மிடில் டெம்பிள், லிங்கன்ஸ் இன், கிரேஸ் இன் என்னும் நான்கு சங்கங்களில் ஒன்றைச் சேர்ந்த பாரிஸ்டர்கள், கூட்டு வியாபாரிகளாக லாபத்தைப் பங்கிட்டுக்கொள்ளாமல், தனித்தனியே தொழில் நடத்திக்கொண்டு, இடத்தையும் செலவையும் மட்டும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடே சேம்பர்ஸ் எனப்படுவது. பாரிஸ்டரின் ஊதியம் கூலியன்று, சன்மானமே. ஆகவே அதைக் கேட்டு அவர் வழக்காட முடியாது என்ற பழைய விதி 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தால் மாறும்வரை, கட்சிக்காரரின் சார்பில் பாரிஸ்டரை அமர்த்தும் ஸாலிஸிட்டரிடம் பேரம் பேசுவதும் பாக்கியை வசூலிப்பதும் கௌரவக் குறைவென்று கருதப்பட்டு, குமாஸ்தாவின் தலையில் விழுந்தன. 21 ஷில்லிங் கொண்ட கினியில் பீஸ் குறிக்கப்பட்ட காலத்தில், பவுனுக்குமேல் மிஞ்சிய ஒரு ஷில்லிங் குமாஸ்தாவினுடையது என்பது வழக்கம். பிற்காலத்தில் மொத்த வருமானத்தில் இத்தனை சதவீதம் என்றாகி, பல இடங்களில் அது பத்து சதவீதம் வரையிலும் எட்டியது. இன்று சம்பளமும் போனஸும் அந்த முறையின் இடத்தைப் பெருமளவு பிடித்துவிட்டன.

இந்த ஏற்பாட்டின் குணங்களை முதலில் சொல்வதே நியாயம். தன் திறமைக்குத் தானே விலை கூறுவது எந்த மனிதனுக்கும் கூச்சமான காரியம். அந்தச் சங்கடத்திலிருந்து பாரிஸ்டரை விடுவித்து, சட்டத்திலும் வாதத்திலுமே அவர் மனம் பதியும்படி செய்கிறார் குமாஸ்தா. உழைப்பாளிக் குடும்பத்தில் பிறந்து, பதினாறு வயதில் பள்ளியை விட்டு, புத்தகங்களையும் தஸ்தாவேஜுகளையும் தள்ளுவண்டியில் ஏற்றிக் கோர்ட்டுக்குக் கொண்டுபோவதில் தொடங்கி, படிப்படியாகத் தலைமை ஸ்தானத்துக்கு ஏறியவர்கள் இவர்களில் பலர். தம்மை முதற்பெயரிட்டு அழைக்கும் பாரிஸ்டரை 'ஸார்' என்று விளித்துக்கொண்டே, மூத்த பாரிஸ்டர் என்ற அந்தஸ்தின் அடையாளமான பட்டு அங்கிக்கு மனுப் போடும் காலம் வந்ததா இல்லையா என்பதையும் அவருக்குச் சொல்லிவிடுகிற சாமர்த்தியம் எந்தக் கல்லூரியும் கற்பிப்பதன்று. இளையவர் வளர்ந்தால் தமக்கும் வருமானம் வளரும் என்பதால், அவர்களைப் பொறுமையோடு முன்னுக்குக் கொண்டுவரும் ஊக்கமும் அவருக்கு இயல்பாகவே அமைகிறது.

ஆனால் இந்தக் குணங்கள் விளைகிற இடத்திலேதான் தோஷமும் விளைகிறது. மாலை நான்கு மணிக்குமேல் குமாஸ்தாக்களின் அறையைப் பார்த்தால் இது விளங்கும். மறுநாளைய வழக்குப் பட்டியல் வந்துவிட்டது. மூத்த பாரிஸ்டர் ஒருவரின் விசாரணை இன்னும் முடிந்தபாடில்லை. அவர் நாளை நடத்தவேண்டிய வேறொரு வழக்கு, இளஞ்சிவப்பு நாடா கட்டிய கட்டாக, ஆளில்லாமல் மேஜைமேல் கிடக்கிறது. ஸாலிஸிட்டரைத் தொலைபேசியில் சமாதானப்படுத்திக்கொண்டே, அக்கட்டை யாரிடம் கொடுப்பதென்று ஐந்து நிமிஷத்தில் முடிவு செய்கிறார் தலைமைக் குமாஸ்தா. அந்த ஐந்து நிமிஷத்தில் ஓர் இளைஞனுக்கு நல்ல ஸாலிஸிட்டரின் அறிமுகம் கிடைக்கிறது. பக்கத்து அறையில் வேலையின்றிக் காத்திருக்கும் இன்னொருவனுக்குத் தான் ஏன் கைவிடப்பட்டோம் என்பதே தெரியாமற் போகிறது. இது திறமையை அறிந்து செய்த தேர்வா, பக்ஷபாதமா என்று கேட்பதற்கு வெகுகாலம் வழியே இருந்ததில்லை.

பெண்கள் வக்கீல் தொழிலில் புகுவதற்கிருந்த தடையை 1919-ஆம் ஆண்டுச் சட்டம் நீக்கியது. எனினும் ஹெலினா நார்மன்டன், ரோஸ் ஹைல்ப்ரன் என்னும் இருவர் இங்கிலாந்தின் பெண்களில் முதன்முதலாகப் பட்டு அங்கி பெற்றது 1949-இல்தான். இத்தாமதத்துக்குக் காரணங்கள் பலவாயினும், சட்டம் திறந்த கதவைக் குமாஸ்தாவின் அறை பாதி சாத்திவைக்க முடியும் என்பதை மறப்பதற்கில்லை. அவ்வாறே, வரிசையில் முன்நிற்கும் வண்டிக்காரன் சவாரியை மறுக்கலாகாதென்பதுபோல, தன் துறைக்குரிய வழக்கைத் தக்க பீஸுக்குப் பாரிஸ்டர் மறுக்கலாகாது என்ற உயர்ந்த விதியும், நாட்குறிப்பைக் கையில் வைத்திருக்கும் குமாஸ்தா 'அன்று அவருக்கு ஒழிவில்லை' என்று சொல்லிவிட்டால் ஏட்டோடு நின்றுவிடும். சதவீதக் கமிஷன் நிலவிய சேம்பர்ஸில், சிறு பீஸ் வழக்கைத் தட்டிக்கழிக்கும் ஆசையும் இதனோடு சேர்ந்துகொள்வது இயற்கையே.

ஒருவர் பெயருக்கென்று வராத வழக்குகள் எவ்வாறு பங்கிடப்படுகின்றன என்பதைச் சேம்பர்ஸ்கள் அவ்வப்போது பரிசீலிக்க வேண்டுமென்று 2012-இல் நடைமுறைக்கு வந்த விதிகள் கட்டளையிடுகின்றன. நோய்க்குத் தக்க மருந்து இதுவே. ஆயினும் கணக்கை ஆண்டிறுதியில் புரட்டிப் பார்ப்பதோடு நின்றால் பயனில்லை. ஆளில்லாமற்போன ஒவ்வொரு கட்டும் யாருக்கு, எக்காரணத்தால் போயிற்று என்பதை அன்றன்றே எழுதிவைத்து, சேம்பர்ஸின் கடைசி இளையவரும் பார்க்கும்படி செய்யவேண்டும். தலைமைக் குமாஸ்தா என்னும் ஸ்தானத்தை ஒழிப்பது அறிவீனம். அவருடைய தீர்ப்பை மட்டும் அப்பீலற்ற தீர்ப்பாக விட்டுவைப்பது, நீதியைத் தொழிலாகக் கொண்டவர்களுக்கு அழகன்று.