கோடியக்கரைக்குத் தெற்கே எதை நம்புவது?

நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்து ஃபைபர் படகுகளில் கையடக்க ஜி.பி.எஸ். கருவி நிலையான இடம் பிடித்துவிட்டது. அது இருக்கும்போது திசைகாட்டி எதற்கு என்ற கேள்வி நியாயமானதே. பழையதுதான் உயர்ந்தது என்று அதற்குப் பதில் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. இங்கே வழி தவறினால் சிறை வரை போக நேரிடும்.

1974 ஒப்பந்தம் பாக் நீரிணையில் இந்திய–இலங்கை எல்லையை 6 புள்ளிகளால் வரையறுத்தது. அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகவே அந்த எல்லை இருக்கிறது. கடலில் அதற்கு அடையாளம் எதுவும் இல்லை. கோடியக்கரைக்கு நேர் தெற்கே சுமார் 16 கடல் மைலில் அது குறுக்கிடுகிறது. இரவில் வலையை விட்டுவிட்டுப் படகு மிதந்து கிடக்கும்போது, மணிக்கு 1 கடல் மைல் வேக நீரோட்டம் இருந்தால் 6 மணி நேரத்தில் படகு 6 கடல் மைல் நகர்ந்துவிடும். அப்போதும் திசைகாட்டியின் முள் அதே வடக்கைத்தான் காட்டிக்கொண்டிருக்கும். நகர்ந்ததைச் சொல்ல அதற்கு வழியே கிடையாது.

கரையை அடையாளம் பார்த்து இடம் கணிக்கலாமே என்றால், டெல்டாவின் தட்டை நிலம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. கன்னியாகுமரி மீனவருக்குப் பின்னால் மலை இருக்கிறது. இங்கே கலங்கரை விளக்கமும் கோபுரங்களும்தான். நாகூர் தர்காவின் உயரமான மினாரா 131 அடி. படகில் நிற்பவர் கண்ணுக்கு அதன் உச்சி, கணக்குப்படி, சுமார் 16 கடல் மைல் வரைதான் தெரியும். மூடாக்கு இருந்தால் அதில் பாதிகூட இராது.

ஆகவே 'எங்கே இருக்கிறேன்' என்ற கேள்விக்கு ஜி.பி.எஸ்.தான் விடை. இதில் எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் 'கரைக்கு எப்படித் திரும்புவது' என்பது வேறு கேள்வி. உப்புத் தண்ணீர் பேட்டரி முனையை அரிக்கும். அதைவிடக் கொடியது, நடுக்கடலில் படகை மறித்துத் தாக்கி வலை, ஜி.பி.எஸ்., வாக்கி டாக்கி எல்லாவற்றையும் பறித்துப் போகிறார்கள் என்று நாகை மாவட்ட மீனவர்கள் திரும்பத் திரும்பக் கொடுக்கும் புகார். காயத்தோடு, கருவியில்லாமல், இருட்டில் இருப்பவரிடம் எஞ்சுவது என்ன? கோடியக்கரைக்கு வடக்கே என்றால் மேற்கே ஓட்டினாலே போதும், கரை வந்துவிடும். தெற்கே அப்படியல்ல. கரை அங்கே செங்குத்தாக மேற்கே திரும்புகிறது. மேற்கே ஓட்டுகிறவர் பாக் விரிகுடாவுக்குள் நெடுந்தூரம் போய்விடுவார். வடக்கோ வடமேற்கோ பிடிக்க வேண்டும். இதைச் சொல்ல எளிய திசைகாட்டி போதும். காந்த வடக்கின் விலகல் நம் கடலில் சுமார் 2 பாகைதான். அதைவிட, பக்கத்தில் கிடக்கும் இரும்பு நங்கூரமும் இஞ்சினும் முள்ளை அதிகம் இழுக்கும். திசைகாட்டி வைத்திருந்தும் ஏமாறுகிறவர்கள் பெரும்பாலும் இதனால்தான் ஏமாறுகிறார்கள்.

அமெரிக்கக் கடற்படைக் கல்லூரி கைவிட்ட நட்சத்திர வழிகாட்டலை 2015-இல் மீண்டும் பாடத்தில் சேர்த்தது. செயற்கைக்கோள்கள் தன் நாட்டுடையவையாக இருந்தும், கருவி கைவிட்டால் மாற்று வழி வேண்டும் என்ற எச்சரிக்கை அதற்கு இருந்தது.

என் தீர்ப்பு இது: ஜி.பி.எஸ். இல்லாமல் எல்லைப் பக்கம் போகவே கூடாது. திசைகாட்டி இல்லாமல் கரையை விட்டே கிளம்பக் கூடாது. அந்தத் திசைகாட்டி இரும்புக்கு எட்டாத இடத்தில் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். வலை விடும் முன்னால், கரை எந்தப் பாகையில், எத்தனை கடல் மைலில் இருக்கிறது என்று ஜி.பி.எஸ்.-இல் பார்த்து, படகின் உட்பலகையில் எழுதிவைக்க வேண்டும். கருவியைப் பறிக்கிறவர்கள் பலகையைப் பெயர்த்துக்கொண்டு போகமாட்டார்கள்.