குரல் நடுவில் நிற்கட்டும்

மட்டாஞ்சேரியில் ஹார்மோனியமும் தபலாவும் கல்யாண வீட்டுக்குச் சொந்தம். குஜராத்திகள், கொங்கணிகள், கச்சி மேமன்கள், தக்னி முஸ்லிம்கள், தமிழ் பிராமணர்கள் என்று பல ஊர்க்காரர்கள் சில தெருக்களுக்குள் சேர்ந்து வாழும் பழைய கொச்சி இது. இங்கே இந்திப் பாட்டும் கவாலியும் கஜலும் வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டன. கல்யாண ராத்திரிகளில் பாடிப் பாடியே புகழ் பெற்றவர் மெஹபூப். 1954இல் ‘நீலக்குயில்’ படத்துக்காகக் கே. ராகவன் இசையில் பாடியபோது கேரளம் முழுக்க அவர் குரலைக் கேட்டது. அவருக்குப் பின் மட்டாஞ்சேரியில் பிறந்த உம்பாயி கஜலை மலையாளத்துக்குக் கொண்டுவந்தார். 2018 ஆகஸ்டில் மறைந்தார். பக்கத்து ஃபோர்ட் கொச்சியில் பிறந்த எம்.கே. அர்ஜுனனோ சிறுவயதில் நம் பழனிக்கு வந்து, ஓர் ஆசிரமத்தில் தங்கி இசை கற்றவர். ஊர் திரும்பி நாடகக் குழுக்களில் ஹார்மோனியம் வாசித்தார். 1968இல் ‘கறுத்த பௌர்ணமி’ படத்தின் மூலம் திரை இசையமைப்பாளரானார்.

இந்த ஊரின் இசை பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்பவனுக்காக உண்டானது. ஹார்மோனியத்தின் துருத்தி மூச்சு விடுவது, அடுத்த வரிக்கு முன் பாடகர் தொண்டையைத் தயார் செய்வது, தபலாக்காரரின் உள்ளங்கை தோலில் உரசுவது எல்லாம் கேட்கும் தூரம் அது. அந்த நெருக்கத்தைக் குறைந்த செலவில் இன்று தரக்கூடியது காதுக்குள் செருகும் இன்-இயர் மானிட்டர். ரசிகர்கள் சுருக்கமாக ஐ.இ.எம். என்கிறார்கள். இரண்டாயிரம் ரூபாய்க்குள்ளேயே மிக நல்லவை கிடைக்கின்றன. ஆனால் எந்த ஐ.இ.எம். என்ற கேள்வியில் காட்டும் அக்கறையை அதன் முனையில் மாட்டும் சின்ன ரப்பரில், அதாவது இயர் டிப்பில், நாம் காட்டுவதில்லை. பாதி இசையை அந்த ரப்பர்தான் தீர்மானிக்கிறது.

ஐ.இ.எம். மேடைக்காகப் பிறந்தது. பாடகரின் காலடியில் ஒலிபெருக்கியைச் சாய்த்து வைத்து அவர் குரலை அவருக்கே கேட்கச் செய்வது பழைய முறை. டிரம்ஸ் சத்தம் ஏற ஏற அந்தப் பெட்டியின் சத்தமும் ஏறும். கேட்பவர் காது கெடும். ஒலிப் பொறியாளர் ஜெரி ஹார்வி, வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக 1995இல் காதின் அச்செடுத்து ஒரு ஜோடி செய்து கொடுத்தார். அல்டிமேட் இயர்ஸ் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்தது. அதற்கு முன்பே, 1991இல், எட்டிமோட்டிக் நிறுவனம் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்டிருந்தது. மூன்று அடுக்குக் குடைபோன்ற டிப்பைக் காதுக்குழாயின் வளைவு தாண்டி உள்ளே செலுத்தி, வெளிச்சத்தத்தை ஏறக்குறைய அடைத்துவிடும் கருவி அது. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: காதை முதலில் சரியாக அடை, அப்புறம் இசையை விடு.

ஏன் அடைக்க வேண்டும்? காதுக்குழாய் ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளம். அது நேராகப் போவதில்லை. இரண்டு வளைவுகள் உண்டு. அதன் வாய் பெரும்பாலானோருக்கு நீள்வட்டம், டிப்போ வட்டம். வட்டமான ரப்பர் நீள்வட்ட வாயில் உட்காரும்போது ஓரத்தில் மெல்லிய சந்து விழுந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே வெளியேறிவிடும். இசை மெலிந்து சப்பையாகிவிடும். ‘இந்த இயர்போனில் பேஸே இல்லை’ என்று கைவிடப்படும் கருவிகளில் பலவற்றுக்கு டிப் அளவுதான் குறை. 2019இல் வந்த பிளான் பிஎல்-03 என்ற ஐ.இ.எம். இதற்குப் பேர்போன உதாரணம். டிப்பை மாட்டும் அதன் குழல்முனை (நாஸில்) குட்டை என்பதால் கூட வந்த டிப்கள் பலருக்குப் பொருந்தவில்லை. நீளமான டிப்புக்கு மாற்றியவர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

உயர்ந்த ஒலிகளின் கதை இன்னும் நுட்பமானது. திறந்த காது தன் வடிவத்தாலேயே 3,000 ஹெர்ட்ஸ் அருகே ஒலியைக் கூட்டித் தருகிறது. மனிதக் குரலின் தெளிவு அங்கேதான் இருக்கிறது. டிப் அடைத்ததும் அந்த இயற்கை எழுச்சி போய்விடும், நல்ல ஐ.இ.எம். அதை ஈடுசெய்யும் வகையில் ஒலியை அமைத்துக் கொடுக்கும். அதோடு டிப்புக்கும் செவிப்பறைக்கும் நடுவே மிச்சமிருக்கும் காற்றில் புதிதாக ஓர் எழுச்சி பிறக்கும். பெரும்பாலும் 8,000 ஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தில். டிப் ஆழமாகப் போனால் அது மேலே நகரும், வெளியே வந்தால் கீழே இறங்கும். ஒரே இயர்போன் ஒருவருக்கு ‘ச’, ‘ஷ’ எழுத்துகளில் குத்துவதும் இன்னொருவருக்கு இதமாக ஒலிப்பதும் இதனால்தான். யாரோ எழுதிய மதிப்புரையை நம்பி வாங்குவதற்கு எல்லை உண்டு. அவர் காது வேறு.

டிப்களுக்குள் குணபேதம் நிறைய. சிலிகோன் டிப்பில் முதலில் பார்க்க வேண்டியது நடுத்துளை. அகலத் துளை உயர்ந்த ஒலிகளைத் திறந்து விடும். ஜேவிசியின் ஸ்பைரல் டாட், அஸ்லாவின் செட்னா இந்த வகை. ஒடுங்கிய துளை பெரும்பாலும் அவற்றின் கூர்மையைத் தணித்து, கீழ் ஒலிக்குக் கனம் சேர்க்கும். ஃபைனல் டைப் இ இந்தப் பக்கம் சாய்ந்தது. ஐந்து அளவுகளில் வருவது அதன் பெரிய நன்மை. ஸ்பின்ஃபிட் டிப்பின் தண்டில் ஒரு மூட்டு இருக்கிறது. காதின் வளைவுக்கேற்ப அது திரும்பிக்கொள்ளும். கம்ப்ளை போன்ற ஃபோம் டிப்பை விரலால் நசுக்கிச் செருகி அது விரியும்வரை பிடித்திருக்க வேண்டும். வெளிச்சத்தத்தை நன்றாக அடைக்கும்; உயர்ந்த ஒலிகளைக் கொஞ்சம் உறிஞ்சும். கூர்மை மிகுந்த இயர்போனுக்கு ஃபோம் மருந்து. ஏற்கெனவே மந்தமான இயர்போனில் அதை மாட்டினால் பாட்டின் மேல் போர்வை விழும்.

தேர்ந்தெடுக்கும் முறைக்கு மட்டாஞ்சேரிப் பாட்டுகளே போதும். முதலில் மெஹபூபின் பழைய திரைப்பாட்டு ஒன்று. அந்தக் காலப் பதிவுகள் மோனோ; இரண்டு காதுக்கும் ஒரே ஒலிதான் போகிறது. ஆகவே குரல் தலையின் நட்டநடுவில் நிற்க வேண்டும். அது ஒரு பக்கம் சாய்ந்தால் ஏதோ சரியில்லை. இடது வலது இயர்போன்களை மாற்றி மாட்டிப் பாருங்கள். சாய்வு இடம் மாறினால் பழுது இயர்போனில். மாறாமல் அதே பக்கம் நின்றால் அநேகமாக அடைப்பில். இரண்டு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. ஒன்றுக்கு நடுத்தர டிப்பும் மற்றதுக்குப் பெரிய டிப்பும் போட்டுக்கொள்ளத் தயங்க வேண்டாம். ஸ்டீரியோப் பதிவில் இந்தக் குறை ஒளிந்துகொள்ளும். எழுபது வருடப் பழைய மோனோப் பாட்டு அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

இரண்டாவது உம்பாயி. அவருடைய கஜல்களில் தபலாவைக் கவனியுங்கள். தபலா ஜோடியில் இடது கை வாசிக்கும் டக்காவில் மணிக்கட்டை அழுத்தி இழுக்கும்போது ஒலி கீழிருந்து மேலே வழுக்கிக்கொண்டு வரும். அந்த வழுக்கல் முழுதாகக் கேட்டால் அடைப்பு சரி. வெறும் ‘தொப்’ என்று விழுந்தால் டிப்பில் கசிவு. வழுக்கல் வீங்கிக் குரலுக்கு மேல் ஏறி உட்கார்ந்தால் துளை அகலமான டிப்புக்கு மாறிப் பாருங்கள். வலது தபலாவின் விளிம்பில் விரல் படும் ஒலி மணிபோலத் தெறிக்க வேண்டும். கண்ணாடி உடைவதுபோலக் குத்தினால் டிப்பைச் சற்று ஆழமாகச் செருகுங்கள், அல்லது ஒடுங்கிய துளைக்கு வாருங்கள்.

மூன்றாவது அர்ஜுனன் மாஸ்டரின் மெட்டுகளில் யேசுதாஸ். இங்கே கேட்க வேண்டியது நடு ஒலிகள். கருவிகளும் குரலும் ஒரே உயரத்தில் சந்திக்கும் இடங்களில் குரல் ஓரடி முன்னால் நிற்க வேண்டும். கருவிகள் மறைந்துவிடவும் கூடாது. ஒரு வரி முடியும் இடத்தில் மூச்சு தேய்ந்து மௌனமாவதை உற்றுக் கேளுங்கள். அந்தத் தேய்வை முழுசாகத் தரும் டிப்தான் அந்த இயர்போனுக்கு உரியது.

சுகமும் இசையின் பகுதியே. வலிக்கும் காது கேட்காது. செருகும்போது எதிர்க்கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய்க் காதை மேலும் பின்னுமாக இழுத்தால் குழாய் நிமிரும். டிப் வலியில்லாமல் போய் உட்காரும். சிலருக்கு டிப் பட்டதும் இருமல் வரும். வேகஸ் நரம்பின் கிளை ஒன்று காதுக்குழாய்க்கும் வருவதால் நேரும் இயல்பான எதிர்வினை அது. அளவைக் குறைத்துப் பாருங்கள். தாடையின் மூட்டு காதுக்குழாய்க்கு ஒட்டி முன்னால் இருக்கிறது. வாயை அசைத்தால் குழாயின் வடிவம் மாறும், அடைப்பும் விடும். எனவே டிப்பைச் சோதிக்கும்போது சும்மா உட்கார்ந்திராமல் மெல்லுங்கள், கொட்டாவி விடுங்கள். ஒரு மணி நேரம் கழித்தும் காதில் ஏதோ இருக்கிறது என்ற நினைப்பே வரவில்லை என்றால் அதுதான் அளவு.

கொச்சியின் ஈரக்காற்றில் இன்னொரு கவனமும் தேவை. அடைபட்ட காதில் வியர்வை தங்கினால் பூஞ்சைக்கு வழி. குளித்து வந்ததும் ஈரக் காதில் டிப்பைச் செருகாதீர்கள். சிலிகோன் டிப்பைக் கழற்றி இளஞ்சூட்டுச் சோப்புத் தண்ணீரில் கழுவி நன்றாக உலர்த்தலாம். ஃபோம் டிப் அழுக்கானால் புதுசு மாற்றுவதே வழி. அடுத்தவர் டிப்பை வாங்கிப் போட வேண்டாம்.

நல்ல அடைப்பின் பெரிய உபகாரம் காதைக் காப்பது. மட்டாஞ்சேரிக்கு 2025 அக்டோபரில் வந்த வாட்டர் மெட்ரோவின் படகுகள் பேட்டரியில் ஓடுபவை. உள்ளே சாந்தமாகவே கேட்கலாம். இறங்கி எர்ணாகுளத்தில் பஸ் ஏறியதும் எஞ்சின் இரைச்சலுக்கு எதிராக விரல் தானாக ஒலியைக் கூட்டும். டிப் சரியாக அடைத்திருந்தால் கூட்டத் தேவை வராது. 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம், 90 டெசிபல் என்றால் 4 மணி நேரம் என்று உலக சுகாதார நிறுவனம் எல்லை வகுத்திருக்கிறது. இந்தப் பத்து டெசிபல் கூடாமல் தடுக்க ஒரு ஜோடி ரப்பரால் முடியும்.

ஆகவே புதிய ஐ.இ.எம்.முக்குப் பணம் சேர்க்கும் முன் ஒன்று செய்யுங்கள். கையில் இருக்கும் இயர்போனுக்கு அகலத் துளை, ஒடுங்கிய துளை, ஃபோம் என்று மூன்று வகை டிப்பும், ஒவ்வொன்றிலும் உங்கள் அளவுக்கு மேலும் கீழுமாக ஓர் அளவும் வாங்குங்கள். அதே பாட்டை அதே ஒலியளவில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். அதற்குப் பிறகும் குறை தெரிந்தால் அப்போது வேறு இயர்போன் தேடலாம். பலருக்கு அந்தத் தேவை வராது.