அழித்தாலும் போகாத மாற்றம்

கணிப்பொறியின் சுவிட்சைப் போட்டதும் முதலில் விழிப்பது வட்டிலுள்ள இயங்குதளம் அன்று. தாய்ப்பலகைச் சில்லில் உறையும் ஃபர்ம்வேர் என்னும் சிறு நிரலே. இயங்குதளத்தைத் தேடி எழுப்புவது அதுதான்.

2017 ஜூனில் ஆப்பிள் நிறுவனம் ஹை சியரா இயங்குதளத்தின் சோதனைப் பதிப்பை வெளியிட்டது. அதில் ஏ.பி.எஃப்.எஸ். என்ற புதிய கோப்பு முறை இருந்தது. 2010-ஆம் ஆண்டு மேக் புரோவின் பழைய ஃபர்ம்வேருக்கோ அதைப் படிக்கத் தெரியாது. எழுத்தறியாதவரிடம் கடிதத்தைக் கொடுத்து என்ன பயன்? ஆகவே நிறுவும்போதே, விளக்கு சிமிட்டும்வரை பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து, ஃபர்ம்வேரையும் புதுப்பிக்கச் சொன்னார்கள்.

தேவை நியாயமானதே, முறைதான் குறையுடையது. சோதனைப் பதிப்பு ஒத்துவராவிட்டால் வட்டை அழித்துப் பழையதை ஏற்றிக்கொள்ளலாம். சில்லில் எழுதியதோ வட்டை அழித்தாலும் போகாது. எழுதும்போது மின்சாரம் நின்றால் பொறி எழாமலே போகவும் கூடும். எளிதில் மீளக்கூடிய சோதனையையும் எளிதில் மீளாத மாற்றத்தையும் ஒரே பொட்டலமாகக் கட்டலாமா? நன்கு சோதித்த ஃபர்ம்வேரை, பழைய இயங்குதளத்திலிருந்தே ஏற்றும்படி முன்னதாகத் தனியே தந்திருக்கலாம். அந்நிறுவனமே 2010-இல் இதே கணிப்பொறிக்கு அப்படித்தான் தந்தது.