மண்ணில் முளைத்த பாட்டி

டேவிட் லிஞ்சின் ‘தி கிராண்ட்மதர்’ (1970) குறும்படத்தை, பின்னர் அவர் எடுத்த முழுநீளப் படமான ‘இரேசர்ஹெட்’டுக்கான ஒத்திகை என்று சொல்லிக் கடந்துவிடுவது விமர்சகர்களின் வழக்கம். 34 நிமிடம் ஓடும் இந்தப் படத்துக்கு அது நியாயம் செய்வதில்லை. தனிப் படைப்பாக நிறுத்தி எடைபோடும்போதுதான் இதன் நிறைகளும் குறைகளும் துலங்குகின்றன.

படுக்கையை நனைத்துவிடும் சிறுவன். அவன் முகத்தை அந்த ஈரத்திலேயே தேய்க்கும் தகப்பன். மாடியறைக் கட்டிலில் மண்ணைக் குவித்து, விதை ஊன்றி, நீரூற்றி, தனக்கென்று ஒரு பாட்டியை வளர்த்துக்கொள்கிறான் சிறுவன். உரையாடல் கிடையாது. பெற்றோர் குரைக்கிறார்கள், பாட்டியும் பேரனும் சீழ்க்கையில் பேசிக்கொள்கிறார்கள்.

அமெரிக்கத் திரைப்படக் கழகத்தின் நிதியுதவியோடு, பிலடெல்பியாவில் தாம் குடியிருந்த வீட்டின் சுவர்களுக்கே கறுப்பு பூசி லிஞ்ச் இதை எடுத்தார். சுவர் மறைந்ததும் அறைக்கு எல்லை அற்றுப்போகிறது. கட்டிலும் கதவும் வெளிறிய முகங்களும் மட்டும் இருளில் எஞ்சுகின்றன. ஓவியம் பயின்றவரின் கண் இது. ஆனால் கண் ஒன்றை மட்டுமே நம்பியிருந்தால், கோரச் சித்திரங்களின் தொகுப்பாகவே படம் நின்றிருக்கும். அதைக் கோத்துப் பிடிப்பது ஆலன் ஸ்ப்ளெட்டின் ஒலி. எதிரொலிக் கருவி கைவசம் இல்லாததால் சீழ்க்கையை உலோகக் குழாய்க்குள் ஒலிக்கவிட்டுப் பதிவுசெய்தார்கள். பாட்டியின் அன்பை நாம் நம்புவது அவள் முகத்தைப் பார்த்தல்ல, அந்த ஒலியைக் கேட்டுத்தான்.

குறை, கட்டமைப்பில் இருக்கிறது. தொடக்க அசைவூட்டக் காட்சியில் தாயும் தகப்பனும் சிறுவனுமே மண்ணுக்கடியிலிருந்துதான் முளைத்து வருகிறார்கள். கொடுமைக்கும் கனிவுக்கும் ஒரே மண் என்ற வலிய எண்ணம் அது. படம் அதை அங்கேயே கைவிட்டுவிடுகிறது. பெற்றோர் இறுதிவரை குரைக்கும் உருவங்களாகவே தேய்கிறார்கள். எல்லாமே குழந்தையின் பார்வை என்று வாதிடலாம். எனக்கு அது போதவில்லை: குழந்தை பெற்றோரிடம் அஞ்சுவதோடு ஏங்கவும் செய்யும். பாட்டி சாகும் தறுவாயில் சிறுவன் அவர்களிடம்தானே உதவிக்கு ஓடுகிறான்? அவர்களோ சிரிக்கிறார்கள். அந்த ஏக்கத்துக்குப் படம் முன்கூட்டியே இடம் தந்திருந்தால், அவர்களின் சிரிப்பு இன்னும் ஆழமாகத் தைத்திருக்கும். இடையிடையே நுழையும் அசைவூட்டங்களில் சில, நடிகர்கள் ஏற்கெனவே உணர்த்தியதைத் திரும்பச் சொல்கின்றன.

பாத்திர வார்ப்பில் ‘தி கிராண்ட்மதர்’ அரைகுறை. ஒலியைக் கதையின் உயிராக்கியதில், குழந்தைப் பருவ அச்சத்தைச் சொன்ன குறும்படங்களில் இதற்கு நிகரானவை மிகச் சில.