ஒய் வி ஸ்லீப்: தம்பிக்குக் கொடுத்த புத்தகம்

போன வருஷம் சித்தி பையனுக்கு மேத்யூ வாக்கரின் ‘ஒய் வி ஸ்லீப்’ புத்தகத்தை வாங்கிக் கொடுத்தேன். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம் படிக்கிறான். ராத்திரி ஒன்றரை மணி வரைக்கும் ரெக்கார்ட் நோட் எழுதிவிட்டு, காலையில் 5.50-க்குக் காலேஜ் பஸ் பிடிக்கிறவன். படிச்சா திருந்துவான்னு நினைச்சேன். ரெண்டு மாசம் கழிச்சு போன் பண்ணினான்.

“அண்ணா, அந்த புக்கைப் படிச்சதுல இருந்து படுத்தா தூக்கமே வரல. இன்னும் நாலு மணி நேரம்தான் இருக்கு, கேன்சர் வந்துடுமோன்னு கணக்குப் போட்டுக்கிட்டே கிடக்கிறேன்.”

குற்ற உணர்ச்சியோடு புத்தகத்தை மறுபடி எடுத்தேன். அந்த இரண்டாவது வாசிப்பில் தோன்றியவைதான் இந்தப் பதிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். வாக்கர் கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பேராசிரியர். புத்தகம் 2017-இல் வந்தது. நினைவாற்றல் பற்றிய பகுதிகள் அருமை. அவர் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு கூட்டத்தை இரவு முழுக்க விழிக்க வைத்து, மறுநாள் படங்களைப் பார்க்கச் சொன்னார்கள். இன்னொரு கூட்டம் வழக்கம்போல் தூங்கிவிட்டு வந்தது. இரண்டு இரவு எல்லோரையும் நன்றாகத் தூங்கவிட்டு, பிறகுதான் நினைவைச் சோதித்தார்கள். விழித்தவர்களுக்கு மனதில் தங்கியது குறைவு. அதாவது களைப்பினால் மறக்கவில்லை. பார்த்த நேரத்திலேயே மூளை சரியாகப் பதிந்துகொள்ளவில்லை. பரீட்சைக்கு முந்தின ராத்திரி கண் விழிச்சுப் படிக்கிற எல்லோரும் தெரிஞ்சுக்க வேண்டிய விஷயம் இது.

பிரச்சினை, இதோடு அவர் நிறுத்தவில்லை என்பது. வழக்கமாக ஆறு, ஏழு மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் புற்றுநோய் அபாயம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகும் என்று முதல் அத்தியாயத்திலேயே அடித்துச் சொல்கிறார். 2019-இல் அலெக்ஸி குஸே என்பவர் அந்த அத்தியாயத்தை வரி வரியாகச் சோதித்து ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். இந்தக் கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்றார். தூக்கமின்மையை உலக சுகாதார நிறுவனம் கொள்ளைநோயாக அறிவித்தது என்பதும் நிற்கவில்லை. இளம் விளையாட்டு வீரர்களின் காயங்கள் பற்றிய ஒரு வரைபடம் இன்னும் மோசம். மூல ஆய்வில் ஐந்து மணி நேரம் தூங்கியவர்களுக்கு, ஆறு மணி நேரக்காரர்களைவிடக் காயம் குறைவு. புத்தகத்தின் படத்தில் அந்த ஐந்து மணி நேரப் பட்டையையே காணோம். இதை அச்சுப்பிழை என்று என்னால் கடந்து போக முடியவில்லை.

நல்ல காரியத்துக்காகக் கொஞ்சம் மிகைப்படுத்தினால் என்ன என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைச்சிருந்தேன். ஆனால் மிகைப்படுத்தாத ஆய்வுகளே போதுமான அளவு சொல்கின்றன. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 48 பேரை வைத்து நடந்த ஒரு சோதனையின் முடிவுகள் 2003-இல் வெளியாயின. 14 நாள் ஆறு மணி நேரம் மட்டும் தூங்கவிடப்பட்டவர்களின் கவனம், ஓரிரு இரவு அடியோடு தூங்காதவர்கள் அளவுக்குச் சரிந்தது. அவர்களுக்கோ தாங்கள் அவ்வளவு மோசமாக இருப்பதாகத் தோன்றவே இல்லை. “எனக்குப் பழகிடுச்சு”ங்கிற பேச்சுக்கு இதைவிட நல்ல பதில் இல்லை.

2019-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக எம்ஐடி வேதியியல் வகுப்பு மாணவர்கள் ஒரு செமஸ்டர் முழுக்க ஃபிட்பிட் கட்டிக்கொண்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவுத் தூக்கத்துக்கும் மதிப்பெண்ணுக்கும் தொடர்பு தெரியவில்லை. அதற்கு முந்தைய வாரங்களின் தூக்கத்துக்குத்தான் இருந்தது. 2023-இல் வந்த இன்னோர் ஆய்வில், 600-க்கும் மேற்பட்ட முதலாண்டு மாணவர்களிடம், செமஸ்டர் தொடக்கத்தில் சராசரித் தூக்கம் ஒரு மணி நேரம் குறைந்தால் கடைசியில் ஜிபிஏ 0.07 குறைந்திருந்தது. இவை தொடர்புகளே, காரணம் என்று நிரூபணம் ஆகவில்லை. எண்ணும் சின்னதுதான். ஆனால் நேர்மையான எண். ஒரு ராத்திரி தூக்கம் கெட்டால் உலகம் முடிந்துவிடாது என்பதும் இதில் அடங்கியிருக்கிறது. என் தம்பிக்குத் தேவைப்பட்டது அந்த வரிதான்.

இன்னொரு குறையும் சொல்ல வேண்டும். பள்ளிகள் தாமதமாகத் தொடங்க வேண்டும் என்று வாக்கர் வாதிடுகிறார், சரி. ஆனால் வாசகன் மனதில் தங்குவது பயமும், கடைசியில் வரும் அறிவுரைப் பட்டியலும்தான்: ஒரே நேரத்துக்குப் படு, காபியைக் குறை. தூங்காதது உன் குற்றம் என்ற தொனி. 2023-இல் வெளியான சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வு வேறு திசையைப் பார்த்தது. காலை வகுப்பு இருந்தால் மாணவர்கள் முன்கூட்டியே படுக்கவில்லை. தூக்கத்தை வெட்டினார்கள், அல்லது வகுப்பை வெட்டினார்கள். வாரத்தில் காலை வகுப்புகள் கூடக்கூட மதிப்பெண்ணும் குறைந்திருந்தது. இங்கே கேள்வி கேட்கப்பட வேண்டியது கால அட்டவணை போடுகிறவரை.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். புத்தகத்தின் நினைவாற்றல் பகுதியை மட்டும் வெச்சுக்கோ, முதல் அத்தியாயத்தை மறந்துடுன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்தான்.

“சரிண்ணா. ஆனா பஸ் அஞ்சு அம்பதுக்குத்தானே வரும்?”

அதற்கு என்னிடமும் பதில் இல்லை, வாக்கரிடமும் இல்லை. ரெக்கார்டைக் கையால் எழுதித்தான் ஆகணுமான்னு துறைத்தலைவரிடம் கேட்டுப் பார்க்க, வகுப்பில் நாலு பேரைச் சேர்த்திருக்கிறானாம்.